567 நடை
கூட்டாளிகள் – 14

1973 அக்டோபர் 13ஆம் தேதி, சனிக்கிழமை. அட்லாண்டிக் பெருங்கடலின் நடுவே அஸோர்ஸ் தீவுகளில் பேய்க்காற்று. ஓடுபாதைக்குக் குறுக்காக வீசிய அந்தக் காற்றில் லாஜெஸ் தளத்தில் எந்த விமானத்தையும் இறக்க முடியவில்லை. அமெரிக்கக் கிழக்குக் கரையில் குண்டுகளும் தோட்டாக்களும் ஏற்றிய பிரம்மாண்டமான சரக்கு விமானங்கள் காற்று தணியக் காத்துக் கிடந்தன. இஸ்ரேலின் லோட் விமான நிலையத்தில் இரவோடு இரவாக இறங்கி, சரக்கைப் போட்டுவிட்டு, விடிவதற்குள் கிளம்பிவிட வேண்டும் என்பது திட்டம். காற்று அரை நாளைத் தின்றது. கமுக்கமாக முடிக்க நினைத்த காரியம் ஞாயிற்றுக்கிழமை ஊரறிய நடந்தது. விமானத்தின் உடலில் இருந்த அமெரிக்க நட்சத்திரத்தைப் பார்த்த எவருக்கும் மேற்கொண்டு விளக்கம் தேவைப்படவில்லை.

அந்தக் காற்று வீசாமல் இருந்திருந்தாலும் உண்மை எத்தனை நாள் மறைந்திருக்கும் என்பது வேறு விஷயம். ஒரு மாதம் நீடித்த வேலை அது.

ஒரு வாரம் பின்னால் போவோம். அக்டோபர் 6, யூதர்களின் யோம் கிப்பூர் நாள். முஸ்லிம்களுக்கு ரமலான் மாதம் பத்தாம் நாள். அன்று காலை எட்டு மணி அளவில் பிரதமர் கோல்டா மேயர் முன் ஒரு கேள்வி வந்தது. எகிப்தும் சிரியாவும் அன்றே தாக்கப்போகின்றன என்ற தகவல் விடிவதற்கு முன்பே வந்துவிட்டது. படைத் தலைவர் டேவிட் எலாஸார், நாம் முந்திக்கொண்டு சிரியாவை அடித்துவிடலாம் என்றார். பாதுகாப்பு அமைச்சர் மோஷே தயான் வேண்டாம் என்றார். கோல்டா தயான் பக்கம் சாய்ந்தார். முதல் அடியை நாம் அடித்தால் நாளைக்கு வாஷிங்டன் கைகொடுக்காது என்பதுதான் காரணம். பிற்பகல் இரண்டு மணிக்குச் சூயஸ் கால்வாயிலும் கோலான் குன்றுகளிலும் ஒரே நேரத்தில் அடி விழுந்தது.

பெரிய நாட்டின் செலவைப் பேசவந்த அத்தியாயம் இது. ஆனால் முதல் செலவு சிறிய நாட்டின் கணக்கில்தான் விழுந்தது என்பதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

கால்வாயின் கிழக்குக் கரையில் இஸ்ரேல் எழுப்பியிருந்த மணல் அணையை எகிப்தியப் பொறியாளர்கள் பம்பு வைத்துத் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தே கரைத்தார்கள். மூன்று நாளில் ஏறத்தாழ 500 டாங்கிகளும் 49 விமானங்களும் போய்விட்டதாக அக்டோபர் 9ஆம் தேதி காலை இஸ்ரேலியத் தூதர் சிம்கா தினிட்ஸ் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் கிஸ்ஸிஞ்சரிடம் சொன்னார். கிஸ்ஸிஞ்சர் அதிர்ந்துபோனார். அவர் மட்டுமில்லை, வாஷிங்டனில் எல்லோருமே இஸ்ரேல் சில நாளில் ஜெயித்துவிடும் என்றுதான் நினைத்திருந்தார்கள்.

ஆயுதம் தருவது என்று முடிவாயிற்று. எப்படிக் கொண்டுபோவது? அமெரிக்க விமானப் படையின் விமானத்தில் கொண்டுபோனால் அரபு நாடுகளின் முகத்தில் அறைந்த மாதிரி இருக்கும். ஆகவே முதலில் எல் அல் விமானங்கள் வால் பகுதியில் இருந்த தாவீது நட்சத்திரத்தை மறைத்துக்கொண்டு வந்து, வர்ஜீனியாவின் கடற்படைத் தளத்தில் ஏவுகணைகளை ஏற்றிக்கொண்டு போயின. சொற்ப விமானம் வைத்திருக்கும் கம்பெனி போருக்குச் சரக்கு அடிக்க முடியுமா? அடுத்து, தனியார் சரக்கு விமான நிறுவனங்களை வாடகைக்குக் கேட்டார்கள். போர்முனைக்கு யார் வருவார்? ஒருவரும் வரவில்லை. இதற்குள் 10ஆம் தேதி சோவியத் விமானங்கள் சிரியாவுக்குச் சரக்கு இறக்கத் தொடங்கிவிட்டன. அதே நாளில் துணை ஜனாதிபதி ஸ்பைரோ ஆக்னியூ லஞ்ச விவகாரத்தில் பதவி விலகினார். ஜனாதிபதி நிக்ஸனின் கழுத்தை வாட்டர்கேட் இறுக்கிக்கொண்டிருந்தது. அந்தச் சில நாள் தாமதத்துக்குப் பொறுப்பு யார் என்பதில் கிஸ்ஸிஞ்சரும் பாதுகாப்பு அமைச்சர் ஷ்லெஸிங்கரும் பிற்பாடு ஒருவரை ஒருவர் கைகாட்டினார்கள். கடைசியில் நிக்ஸன், இருக்கிற விமானம் எல்லாவற்றையும் அனுப்புங்கள் என்று உத்தரவு போட்டார்.

அப்போதுதான் வாஷிங்டனுக்கு ஓர் உண்மை உறைத்தது. சி-141 என்ற சரக்கு விமானம் வானத்திலேயே எரிபொருள் நிரப்பிக்கொள்ளும் வசதி இல்லாதது. எங்காவது இறங்காமல் அதனால் இஸ்ரேல் போய்ச் சேர முடியாது. ஐரோப்பா முழுக்க அமெரிக்கத் தளங்கள் இருந்தன. அதிலே எத்தனை கதவு திறந்தது? ஸ்பெயின் மறுத்தது. இத்தாலி, கிரீஸ், துருக்கி, பிரிட்டன் எதையும் நம்ப முடியவில்லை. எல்லோருக்கும் அரபு எண்ணெய் வேண்டும். இருபத்தைந்து ஆண்டுகளாகச் சோவியத் படையிலிருந்து காப்பாற்றி வருகிறோம் என்று அமெரிக்கா நினைத்த நேட்டோ கூட்டாளிகளில் ஒரே ஒரு நாடுதான் மிஞ்சியது: போர்ச்சுகல்.

அதுவும் மனமுவந்து வரவில்லை. அங்கோலா, மொசாம்பிக், கினி மூன்று இடங்களில் காலனிப் போர் நடத்திக்கொண்டிருந்த லிஸ்பன் அரசு, அமெரிக்க ஆயுதம் கிடைக்குமா என்று பேரம் பேசிப் பார்த்தது. நிக்ஸன் பிரதமர் கைத்தானோவுக்குக் கடுமையான ஒரு கடிதம் எழுதினார். கதவு திறந்தது. அதற்கான கூலியாக அரபு நாடுகளின் எண்ணெய்த் தடைப் பட்டியலில் போர்ச்சுகலின் பெயரும் ஏறியது. அடுத்த ஏப்ரலில் கைத்தானோவின் ஆட்சியே ராணுவப் புரட்சியில் கவிழ்ந்தது. அதற்குக் காரணம் ஆப்பிரிக்கப் போர்களே தவிர லாஜெஸ் அல்ல.

விமானங்கள் ஜிப்ரால்டர் ஜலசந்திக்குள் நுழைந்து, வடக்கே ஐரோப்பிய நாடுகளின் வான் எல்லையையும் தெற்கே அரபு நாடுகளின் வான் எல்லையையும் தொடாமல், மத்தியதரைக் கடலின் நட்டநடுவே கோடு கிழித்த மாதிரி பறந்தன. நண்பனின் தலைக்கு மேலேகூடப் பறக்க முடியாத நிலை. முதல் சி-5 சரக்கு விமானம் லோடில் இறங்கியபோது இன்னொரு வேடிக்கை நடந்தது. சரக்கை இறக்குவதற்கான இயந்திரங்களை ஏற்றிய விமானம் பழுதாகி வழியில் நின்றுவிட்டது. ஏறத்தாழ 100 டன் பீரங்கிக் குண்டுகள் முதலான சரக்கை இஸ்ரேலியர்கள் கையாலேயே, பெட்டி பெட்டியாக, மூன்றரை மணி நேரத்தில் இறக்கி முடித்தார்கள்.

நவம்பர் 14 வரை மொத்தம் 567 நடை. 22,000 டன்னுக்குச் சற்று மேல். போர் நிறுத்தம் அக்டோபர் கடைசி வாரத்திலேயே வந்துவிட்டதால் இதில் ஒரு பெரும் பங்கு சண்டை ஓய்ந்த பிறகே போய்ச் சேர்ந்தது. ஆனால் வருகிறது என்ற நம்பிக்கை போதும். கையிருப்பை மிச்சம் பிடிக்காமல் செலவழிக்கலாம். இஸ்ரேலியத் தளபதிகள் அதைத்தான் செய்தார்கள். 16ஆம் தேதி அவர்கள் படை கால்வாயைத் தாண்டி எகிப்தின் பக்கம் கால் வைத்தது.

இனி ரியாத்.

சவுதி மன்னர் ஃபைசலை அமெரிக்காவின் எதிரி என்று யாரும் சொல்ல முடியாது. கம்யூனிஸத்தை அவர் வெறுத்த அளவுக்கு வாஷிங்டனிலேயே பலர் வெறுத்திருக்க மாட்டார்கள். எண்ணெயை ஆயுதமாக்குவது அறிவீனம் என்று முன்பு சொன்னவரும் அவர்தான். 1973 தொடக்கத்திலிருந்தே அவர் பேச்சு மாறியது. ஏப்ரலில் எண்ணெய் அமைச்சர் யமானி வாஷிங்டன் போய்ச் சொன்னார். சவுதி எண்ணெயை எடுத்த அராம்கோ கம்பெனியின் நிர்வாகிகளைக் கூப்பிட்டு மன்னரே சொன்னார். கோடையில் அமெரிக்கப் பத்திரிகைகளுக்குப் பேட்டி கொடுத்து வெளிப்படையாகச் சொன்னார்: நீங்கள் இஸ்ரேலை இப்படியே தாங்கினால் உங்களுடன் ஒத்துழைப்பது எனக்குக் கடினம். நாசூக்கான மனிதர், இதற்கு மேல் உரக்கப் பேசத் தெரியாதவர். வாஷிங்டன் இதை அரபு உலகத்துக்காகச் செய்யும் பாவனை என்று எடுத்துக்கொண்டது. அக்டோபர் 12ஆம் தேதி எக்ஸான், மொபில், டெக்ஸாகோ, சோகால் ஆகிய நான்கு கம்பெனிகளின் தலைவர்கள் சேர்ந்து நிக்ஸனுக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தனுப்பினார்கள். மறுநாள் விமானங்கள் கிளம்பத் தயாராகிவிட்டன.

அக்டோபர் 16: குவைத்தில் கூடிய வளைகுடா நாடுகள் கச்சா எண்ணெயின் விலையை ஒரேயடியாக 70 சதவீதம் உயர்த்தின. பீப்பாய் 3 டாலரிலிருந்து 5 டாலருக்கு மேல் போனது. 17: அரபு நாடுகள் மாதம் 5 சதவீதம் உற்பத்தியைக் குறைப்பதாக அறிவித்தன. அதே 17ஆம் தேதி நான்கு அரபு வெளியுறவு அமைச்சர்கள் வெள்ளை மாளிகையில் நிக்ஸனைச் சந்தித்தார்கள். பேச்சு சுமுகமாக இருந்தது. எண்ணெயை நிறுத்த மாட்டார்கள் என்று கிஸ்ஸிஞ்சர் அன்று தம் சகாக்களிடம் நம்பிக்கையோடு சொன்னார். 19ஆம் தேதி, இஸ்ரேலுக்கு 220 கோடி டாலர் உதவி கேட்டு நிக்ஸன் காங்கிரஸுக்குக் கோரிக்கை அனுப்பினார். மறுநாள் சவுதி அரேபியா அமெரிக்காவுக்கு ஒரு சொட்டு எண்ணெயும் கிடையாது என்றது.

என்னைக் கேட்டால், அந்த நாலு நாள் வரிசையில் மிகக் கசப்பானது அந்தக் கடைசி உத்தரவு அல்ல. அதை நிறைவேற்றியது யார் என்பதுதான். அராம்கோ அமெரிக்கக் கம்பெனி. எந்தக் கப்பல் எந்தத் துறைமுகத்துக்குப் போகிறது என்று கணக்கு வைத்து, அமெரிக்காவுக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளும் வேலையைச் சவுதி அரசு அதன் தலையில் கட்டியது. அமெரிக்க ராணுவத்துக்குக்கூட எண்ணெய் கொடுக்கக் கூடாது. மறுத்தால் எண்ணெய் வயலே கையை விட்டுப் போகும். அமெரிக்க நிர்வாகிகள் தங்கள் நாட்டுக் கப்பற்படைக்கு எண்ணெய் மறுத்தார்கள்.

இரண்டு மாதத்தில் சந்தையிலிருந்து நாளொன்றுக்குச் சுமார் 44 லட்சம் பீப்பாய் காணாமல் போனது. கம்யூனிஸ்ட் நாடுகள் நீங்கலான உலகத்தின் தேவையில் இது ஏறத்தாழ 9 சதவீதம். கேட்க அதிகமில்லை. ஆனால் பஞ்சம் வரப்போகிறது என்ற பயம் பஞ்சத்தைவிட வேகமாக ஓடும். தொட்டியில் முக்கால்வாசி இருந்தாலும் நிரப்பிக்கொள்ள அமெரிக்கர்கள் வரிசையில் நின்றார்கள். ஒற்றைப்படை எண்ணில் முடியும் வண்டிக்கு ஒரு நாள், இரட்டைப்படைக்கு மறுநாள் என்று பல மாநிலங்களில் முறை வைத்தார்கள். பெட்ரோல் பங்க் வாசலில் கொடி பறந்தது: பச்சை என்றால் எல்லோருக்கும் உண்டு, மஞ்சள் என்றால் கட்டுப்பாட்டோடு சிலருக்கு மட்டும், சிவப்பு என்றால் நடையைக் கட்டலாம். ஞாயிற்றுக்கிழமை பங்க்குகளை மூடச் சொன்னார் ஜனாதிபதி. நெடுஞ்சாலையில் மணிக்கு 55 மைலுக்கு மேல் ஓட்டக் கூடாது என்று சட்டம் வந்தது. மின்சாரத்தை மிச்சம் பிடிக்க 1974 ஜனவரியில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளினார்கள். குழந்தைகள் கும்மிருட்டில் டார்ச் லைட்டோடு பள்ளிக்கூட பஸ்ஸுக்குக் காத்திருந்தார்கள். பெற்றோர் கொதித்தார்கள், அடுத்த குளிர்காலத்துக்கு அந்த ஏற்பாட்டைக் கைவிட வேண்டியதாயிற்று. சிக்கனத்துக்கு முன்னுதாரணம் காட்ட நிக்ஸன் சாதாரணப் பயணிகள் விமானத்தில் டிக்கெட் வாங்கிக் கலிஃபோர்னியா போனார். 1973 மே மாதம் காலன் 38 சென்ட் விற்ற பெட்ரோல் ஓராண்டில் 55 சென்ட்.

இதையெல்லாம் இஸ்ரேல் கூட்டணியின் தலையிலேயே எழுதிவிடுகிறவர்கள் உண்டு. நான் அவர்கள் கட்சி இல்லை. அமெரிக்காவின் சொந்த எண்ணெய் உற்பத்தி 1970லேயே உச்சம் தொட்டு இறங்கத் தொடங்கிவிட்டது. 1972 மார்ச்சில் டெக்ஸாஸ் கிணறுகள் முழு அளவில் இறைக்க அனுமதி பெற்றன. அவசரத்துக்கு என்று வைத்திருந்த உபரி அன்றோடு தீர்ந்தது. 1967 போரின்போதும் அரபு நாடுகள் தடை போட்டன. அப்போது அந்த உபரிதான் தடையைப் பிசுபிசுக்க வைத்தது. 1971இல் நிக்ஸன் கொண்டுவந்த விலைக் கட்டுப்பாடு வேறு, வரிசைகளை நீட்டியது. கூட்டணி நெருப்பு வைத்தது உண்மை. சருகு ஏற்கெனவே குவிந்திருந்தது.

அதோடு, விலையை உண்மையில் எட்டாத உயரத்துக்குக் கொண்டுபோனவர் தடை விதித்த அரபு மன்னர்களில் ஒருவர் அல்ல. அமெரிக்காவின் இன்னொரு நெருங்கிய கூட்டாளி, ஈரானின் ஷா. அவர் தடையில் சேரவில்லை; எண்ணெயை விற்றுக்கொண்டேதான் இருந்தார். 1973 டிசம்பரில் தெஹ்ரானில் கூட்டம் கூட்டி, ஜனவரி 1 முதல் பீப்பாய் 11.65 டாலர் என்று அறிவிக்க வைத்தார். ஒன்றரை ஆண்டுக்கு முன்பு அவர் எந்த ஆயுதம் கேட்டாலும் கொடுக்கலாம் என்று நிக்ஸன் வாக்குக் கொடுத்திருந்தார். ஆயுதம் வாங்கப் பணம் வேண்டுமே. சவுதி தடையைப் பின்னாளில் நீக்கியது. ஷாவின் விலை அப்படியே நின்றது. அவர் கதைக்கு ஓர் அத்தியாயம் போதாது. அடுத்த வாரம் அங்கேதான் போகிறோம்.

இப்போது ஐரோப்பா. 1973ஐ ‘ஐரோப்பாவின் ஆண்டு’ என்று ஏப்ரலில் அறிவித்தவர் சாட்சாத் கிஸ்ஸிஞ்சர். நேட்டோ உறவைப் புதுப்பிப்பதாகத் திட்டம். அக்டோபர் 24 இரவு, எகிப்துக்குத் தனியாகப் படை அனுப்புவேன் என்ற தொனியில் சோவியத் தலைவர் பிரெஷ்னெவின் கடிதம் வந்தது. நிக்ஸன் தூங்கிக்கொண்டிருக்க, கிஸ்ஸிஞ்சரும் மற்றவர்களும் நள்ளிரவில் கூடி, உலகெங்கும் உள்ள அமெரிக்கப் படைகளை உஷார் நிலைக்கு உயர்த்தினார்கள். அணு ஆயுதப் படைகளும் அதில் அடக்கம். தங்கள் மண்ணில் இருக்கும் தளங்கள் உஷார்ப்படுத்தப்பட்டதை நேட்டோ நாடுகள் காரியம் முடிந்த பிறகு தெரிந்துகொண்டன. அதே நாட்களில் மேற்கு ஜெர்மனியின் பிரேமர்ஹாஃபன் துறைமுகத்தில் இஸ்ரேலியக் கப்பல்களில் அமெரிக்க ஆயுதம் ஏறுவதைக் கண்டு அந்நாட்டு அரசு பகிரங்கமாக ஆட்சேபித்தது. எங்கள் துறைமுகத்தில் எங்களைக் கேட்காமலா என்பதுதான் அந்த அறிக்கையின் சாரம்.

நவம்பர் 6ஆம் தேதி பிரஸ்ஸல்ஸில் ஐரோப்பியச் சமூகத்தின் ஒன்பது நாடுகளும் பாலஸ்தீனர்களின் நியாயமான உரிமைகளைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்று கூட்டாக அறிக்கை விட்டன. அதே மாதம் ஜப்பானும் அரபு நாடுகளின் பக்கம் சாய்ந்து அறிக்கை விட்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய காலத்தில் வெளியுறவில் வாஷிங்டனிலிருந்து டோக்கியோ இவ்வளவு தூரம் விலகியதில்லை. இஸ்ரேல் பக்கம் நின்றதாகப் பெயர் வாங்கிய நெதர்லாந்துக்கு அமெரிக்காவோடு சேர்த்துத் தடை. நவம்பர் 4 முதல் ஞாயிற்றுக்கிழமைகளில் டச்சுச் சாலைகளில் கார் ஓட்டத் தடை. ஆள் அரவமற்ற நெடுஞ்சாலைகளில் ஜனங்கள் சைக்கிளும் குதிரையும் ஓட்டிப் போனார்கள். சண்டையில் எந்தக் கையும் வைக்காத இந்தியாவில்கூட, அரபு நாடுகளின் பக்கமே நின்ற இந்தியாவில்கூட, பெட்ரோல் விலை எகிறியது. அந்த நவம்பரில் அதைக் கண்டித்து வாஜ்பாய் மாட்டுவண்டியில் நாடாளுமன்றத்துக்குப் போய் இறங்கினார்.

220 கோடி டாலர் என்பது காங்கிரஸ் ஓட்டுப் போட்ட செலவு. மற்றதற்கு யாரும் ஓட்டுப் போடவில்லை. கூட்டணி ஒப்பந்தம் என்று எழுதிக் கையெழுத்திட்ட காகிதம்கூட அமெரிக்காவுக்கும் இஸ்ரேலுக்கும் இடையே அன்றைக்கு இல்லை. எழுதாத ஒன்றின் எல்லையை எங்கே போய்த் தேடுவது?

செலவுக்கு ஈடாக வரவே இல்லையா என்றால், இருந்தது, அதுவும் சிறியதல்ல. சூயஸின் கிழக்குக் கரையில் எகிப்தின் மூன்றாவது படை சுற்றி வளைக்கப்பட்டு, குடிதண்ணீர் இன்றித் தவித்தது. அதை நசுக்கிவிட இஸ்ரேல் துடித்தது. ஆயுதம் கொடுத்த கை இப்போது கழுத்துப் பட்டையைப் பிடித்தது: உணவும் தண்ணீரும் போக வழிவிடுங்கள். கோல்டா கோபித்துக்கொண்டார், வழிவிட்டார். இஸ்ரேலைப் பணிய வைக்க முடிந்த ஒரே ஆள் அமெரிக்காதான் என்பதை எகிப்திய அதிபர் சாதாத் அன்று கண்ணால் கண்டார். மாஸ்கோவை விட்டு அவர் வாஷிங்டன் பக்கம் வந்ததற்கு இது ஒரு பெரிய காரணம். 1974 ஜனவரி 18இல் இரு படைகளையும் விலக்கும் முதல் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. மார்ச் 18இல் எண்ணெய்த் தடை நீங்கியது. ஆகக் கூட்டணியே சாவியாகவும் இருந்தது என்று கிஸ்ஸிஞ்சர் வாதிட்டால் அதை முழுக்கத் தள்ளிவிட முடியாது.

ஆனால் சாவியைத் திருகும் உரிமை யாரிடம்? 1975 மார்ச்சில் சினாய் பேச்சு முறிந்தபோது, புது ஜனாதிபதி ஃபோர்டு இஸ்ரேலுடனான உறவை மறுபரிசீலனை செய்யப்போவதாக அறிவித்தார். புதிய ஆயுத ஒப்பந்தங்கள் நின்றன. மே 21ஆம் தேதி 76 செனட்டர்கள் கையெழுத்திட்ட கடிதம் அவர் மேசைக்கு வந்தது: இஸ்ரேலின் தேவைகளுக்குச் செவிசாயுங்கள். 100 பேரில் 76 பேர். மறுபரிசீலனை அத்தோடு தேய்ந்தது.

செப்டம்பரில் இரண்டாவது சினாய் ஒப்பந்தம் வந்தது. இஸ்ரேல் சினாயில் இன்னும் கொஞ்சம் பின்வாங்கும். அபு ருதைஸ் எண்ணெய் வயலை எகிப்திடம் திருப்பிக் கொடுக்கும். 1967இல் பிடித்த அந்த வயல்தான் இஸ்ரேலின் எண்ணெய்த் தேவையில் பாதிக்கு மேல் கொடுத்துக்கொண்டிருந்தது. அதை இழப்பதற்கு ஈடாக அமெரிக்கா தனியே ஓர் உடன்பாட்டில் கையெழுத்திட்டது. அதில் இருந்த ஒரு வாக்கு, பாலஸ்தீன விடுதலை இயக்கம் இஸ்ரேலின் இருப்பையும் ஐ.நா. தீர்மானங்களையும் ஏற்கும்வரை அதனோடு பேசுவதில்லை என்பது. நான்கு ஆண்டு கழித்து ஐ.நா.வுக்கான அமெரிக்கத் தூதர் ஆண்ட்ரூ யங் அந்த இயக்கத்தின் பிரதிநிதியைச் சந்தித்த விஷயம் வெளியே வந்தது. அவர் பதவி போயிற்று.

இன்னொரு வாக்கு எண்ணெய் பற்றியது. ஐந்தாண்டுக்கு இஸ்ரேலுக்கு எங்கும் எண்ணெய் கிடைக்காவிட்டால் அமெரிக்கா கொடுக்கும், கப்பல் இல்லாவிட்டால் கப்பலும் ஏற்பாடு செய்யும். பதினெட்டு மாதத்துக்கு முன்புதான் அமெரிக்கா தன் வீட்டு அடுப்புக்கே எண்ணெய் இல்லாமல் தவித்தது. ஆனால் இதை எழுதியவர்கள் அந்த வாக்கு அமலுக்கு வரவேண்டிய அவசியமே இருக்காது என்று நம்பினார்கள். ஏனென்றால் இஸ்ரேல் ஈரானிடம் வாங்கிக்கொண்டிருந்தது, ஷா நிலையாக இருந்தார். 1979 மார்ச்சில், ஷா நாட்டை விட்டு ஓடி இரண்டு மாதமான பிறகு, கெய்ரோவுக்கும் ஜெருசலேமுக்கும் இடையே சமாதான ஒப்பந்தம் கையெழுத்தான அதே சமயம், வாஷிங்டன் அந்த ஐந்தாண்டைப் பதினைந்தாண்டாக நீட்டிக் கொடுத்தது.

(தொடரும்)